வட்டத்துக்கு நடுவே ஒரு கோடு

ஜூன் 3, கியூபெக் (கனடா)

கப்பலில் இதற்கு மேல் சரக்கு ஏற்றக்கூடாது என்று காட்டும் கோட்டுக்காகப் போராடிய சாமுவேல் பிளிம்சால் 1898-இல் இதே தேதியில்தான் இறந்தார், இங்கிலாந்தின் ஃபோக்ஸ்டனில். நான் எந்தத் துறைமுகத்தில் இருந்தாலும் இந்த நாளில் அவரை நினைத்து நாலு வரி எழுதிவிடுவது வழக்கம். இந்தத் தடவை கோதுமை ஏற்றிக்கொண்டு லண்டன் பக்கத்து டில்பரிக்குப் போகிறோம். ஷோர் லீவ் (கரையில் இறங்க விடுப்பு) கிடைத்தால் அவர் சிலையையே பார்த்துவிடலாம்.

காலையில் டிராஃப்ட், அதாவது கப்பல் தண்ணீரில் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்று, பார்க்க ஆற்றுப் பக்கமாகப் பைலட் லேடர் என்ற கயிற்று ஏணியில் இறங்கினேன். பயிற்சிக்கு வந்திருக்கும் கேடட் பையனும் கூட வந்தான். குளச்சல்காரன், முதல் கப்பல். கப்பலின் நடுப்பகுதியில் அந்த வட்டத்தைக் காட்டினேன். 300 மில்லிமீட்டர் வட்டம், அதன் நடுவே குறுக்காக 450 மில்லிமீட்டர் கோடு. பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள்: கோடைக் கடலுக்கு ஒன்று, குளிர்காலத்துக்கு ஒன்று, வெப்ப மண்டலத்துக்கு ஒன்று, நன்னீருக்கு ஒன்று. எல்லாமே இரும்பில் வெல்டிங் செய்தவை. மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் விரலால் தடவினால் மேடு தட்டுப்படும்.

"சார், இதைக் கொண்டுவந்தவர் கேப்டனா?" என்று கேட்டான்.

"இல்லை தம்பி, நிலக்கரி வியாபாரி" என்றேன். நம்பாமல் பார்த்தான்.

ஜூன் 5, கியூபெக்

லோடிங் முடிந்தது. கடைசி ஒரு மணி நேரம் மறக்க முடியாது.

கியூபெக்கில் ஆற்று நீர். உப்புத்தண்ணீரைவிட இதில் கப்பல் கொஞ்சம் அதிகமாக அமிழும். எங்கள் கப்பலுக்கு ஏறக்குறைய 23 சென்டிமீட்டர். கடலுக்குப் போனதும் அவ்வளவும் எழும்பிவிடும் என்பதால் இங்கே நன்னீர்க் கோடு வரை ஏற்றலாம். சரக்குத் தரப்பு ஆள் கணக்குத் தாளோடு வந்து நின்றார். இன்னும் 200 டன் போகும் என்றார். எங்கள் கப்பல் ஒரு சென்டிமீட்டர் அமிழ 44 டன் வேண்டும். அப்படியானால் 200 டன் என்பது நாலரை சென்டிமீட்டர். கேட்க ஒன்றுமில்லாத மாதிரிதான் இருக்கும்.

கேப்டன் என்னைப் பார்த்தார். "கோடு தண்ணீரைத் தொட்டுவிட்டது, சார்" என்றேன். அவர் அந்த ஆளிடம் திரும்பி, "லோடிங் ஓவர்" என்றார். அவ்வளவுதான். விவாதமே இல்லை. ஹேட்ச் மூடச் சொன்னோம்.

பிளிம்சால் காலத்துக் கேப்டனுக்கு இந்த வார்த்தையைச் சொல்ல வழி இருக்கவில்லை. சொன்னால் அடுத்த பயணத்துக்கு வேறு கேப்டன் வந்துவிடுவார்.

ஜூன் 10, வட அட்லாண்டிக்

மூடுபனி. காலை நாலு முதல் எட்டு வரை என் வாட்ச். இறங்கியதும் கேடட்டை உட்கார வைத்து முழுக் கதையையும் சொன்னேன். இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

பிளிம்சால் பிறந்தது 1824, பிரிஸ்டலில். லண்டனில் நிலக்கரி வியாபாரத்தில் இறங்கி நொடித்துப்போனார். கையில் காசில்லாமல் ஏழைகள் தங்கும் மலிவு விடுதியில் கொஞ்ச காலம் கிடந்தார். கூலிக்காரர்கள் இருப்பதைப் பகிர்ந்துகொண்டு வாழ்வதை அங்கேதான் கிட்டே இருந்து பார்த்தார். என் அபிப்பிராயத்தில், பின்னால் அவர் செய்த அத்தனைக்கும் விதை அந்த விடுதிதான்.

அப்புறம் வியாபாரம் தேறியது. 1868-இல் டெர்பி தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனார். அப்போது பிரிட்டிஷ் கடற்கரையில் 'சவப்பெட்டிக் கப்பல்' என்றாலே எல்லோருக்கும் தெரியும். இற்றுப்போன கப்பலில் அளவுக்கு மீறிச் சரக்கை ஏற்றி, கனமாக இன்சூரன்சும் எடுத்து அனுப்புவார்கள். கப்பல் போய்ச் சேர்ந்தால் சரக்குக் கூலி. மூழ்கினால் இன்சூரன்ஸ் பணம். முதலாளிக்கு இரண்டிலும் நஷ்டமில்லை. மாலுமிக்கோ, கையெழுத்துப் போட்ட பிறகு 'இந்தக் கப்பலில் ஏற மாட்டேன்' என்றால் சிறை. ஏறினால் கடல், ஏறாவிட்டால் ஜெயில். இதைச் சொன்னதும் கேடட் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டான்.

அளவுக்கோடு என்ற யோசனை முதலில் பிளிம்சாலுடையதல்ல. டைன் நதிக்கரையைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளி அதற்கு முன்பே அதைப் பேசிவந்தார். முதலாளிகளிலும் மனசாட்சி உள்ளவர்கள் இருந்தார்கள் என்பதற்காகவே அந்தப் பெயரை நான் விடாமல் சொல்வேன். பிளிம்சால் அதை ஊர் முழுக்கப் பேசவைத்தார். 1873-இல் மாலுமிகளுக்காக ஒரு புத்தகம் எழுதி வெளியிட்டார். முதலாளிகள் அவதூறு வழக்குப் போட்டார்கள். அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது.

1875 ஜூலை 22. கப்பல் மசோதாவை இந்தக் கூட்டத்தொடரில் எடுக்கப் போவதில்லை என்று பிரதமர் டிஸ்ரேலி அறிவித்தார். பிளிம்சால் எழுந்தார். மூழ்கிய கப்பல்களைப் பெயர் பெயராகச் சொன்னார். அவற்றின் முதலாளி அதே சபையில் இருந்த ஓர் உறுப்பினர்! ஆட்களைச் சாவுக்கு அனுப்பும் அயோக்கியர்கள் என்றார். சபாநாயகர் வாபஸ் வாங்கச் சொல்லியும் மறுத்தார், முஷ்டியை ஆட்டிவிட்டு வெளியேறினார். மேலே பெண்கள் மாடத்திலிருந்து அவர் மனைவி எலைசா அச்சிட்ட கண்டனத் தாள்களைக் கீழே வீசினார். ஒரு வாரத்தில் சபையில் மன்னிப்புக் கேட்டார் பிளிம்சால். ஆனால் அதற்குள் ஊர் முழுக்கக் கூட்டங்கள் கிளம்பிவிட்டன. சில வாரங்களில் ஒரு தற்காலிகச் சட்டம் வந்தது, 1876-இல் கோடு கட்டாயமானது.

கோடு வந்ததே தவிர, அதை எங்கே போடுவது என்பதை முதலாளியின் இஷ்டத்துக்கு விட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்றால் அது என்ன கோடு? அதைச் சரிசெய்ய இன்னொரு 14 வருடம், 1890 வரை, ஆனது. அந்தப் பதினான்கு வருடத்தில் மூழ்கியவர்களை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

ஜூன் 12, வட அட்லாண்டிக்

கடல் நல்லபடியாக இருக்கிறது. அப்பா ஞாபகமாகவே இருக்கிறது.

அப்பா தூத்துக்குடியில் தோணிக்காரர். மாலத்தீவுக்கும் கொழும்புக்கும் போய்வருவார். தோணியில் எவ்வளவு ஏற்றலாம் என்பது தோணியின் தலைவரான தண்டலின் கண்தான். "இன்னும் நாலு மூட்டை ஏத்துங்க" என்று கரையிலிருந்து குரல் வரும். தண்டல் குனிந்து பக்கப் பலகையைப் பார்ப்பார். எத்தனையாவது பலகை நனைகிறது என்பதுதான் கணக்கு. நல்ல தண்டல் கிடைத்தால் அப்பா திரும்பி வருவார். அம்மாவுக்கு அது தெரியும். அதனால்தான் "தண்டல் யாரு?" என்றுதான் முதலில் கேட்பாள்.

ஜூன் 17, டில்பரி

வந்து சேர்ந்தோம். சர்வே, பேப்பர், கூட்டம். தூக்கமில்லை.

ஜூன் 19, டில்பரி

ஷோர் லீவ் கிடைத்தது. டில்பரி டவுன் ஸ்டேஷனில் ரயில் ஏறி ஃபென்சர்ச் ஸ்ட்ரீட்டில் இறங்கி, அங்கிருந்து தேம்ஸ் கரையோரமாக விக்டோரியா எம்பாங்க்மென்ட் வரை நடந்தே போனேன். கேடட்டும் உடன் வந்தான்.

வெண்கல மார்பளவுச் சிலை, தாடியோடு. 1929-இல் வைத்தது. அரசு வைத்த சிலை இல்லை, மாலுமிகள் சங்கத்து உறுப்பினர்கள் எழுப்பியது. எல்லா நாட்டுக் கடலோடிகளுக்கும் அவர் செய்த சேவைக்கு நன்றியாக, என்று கீழே பொறித்திருக்கிறது. 'எல்லா நாட்டு' என்ற இடத்தை இரண்டு தடவை வாசித்தேன். அதில் நானும் வருகிறேன், அப்பாவும் வரவேண்டும்.

நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள், யாரும் நிற்கவில்லை. கேடட் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஜூன் 25, நங்கூரத்தில்

இன்று உலகக் கடலோடிகள் தினம். 2011-லிருந்து கொண்டாடுகிறார்கள். சமையல்காரர் பாயசம் வைத்தார். பக்கத்தில் நங்கூரமிட்டிருந்த கப்பலிலிருந்து ரேடியோவில் வாழ்த்துச் சொன்னார்கள்.

சரக்கு ஏற்றும் ஹோல்டெல்லாம் காலி. கப்பல் உயரமாக மிதக்கிறது, வட்டம் தண்ணீருக்கு வெகு மேலே நிற்கிறது. கடல் அமைதி, அடுத்த ஆர்டரும் வரவில்லை. டெக் ஆட்களின் மேஸ்திரியான போசன், பலகை கட்டி இறக்கி, வட்டத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்கலாம் என்றார். கேடட் தானே இறங்குகிறேன் என்றான். சேஃப்டி பெல்ட்டை நானே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டேன்.

ரெயிலிங்கில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஷை எடுக்கும் முன் கையுறையைக் கழற்றிவிட்டு, வெல்டிங் மேட்டை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினான். அப்புறம் டப்பாவைத் திறந்தான்.