காயில் போச்சா, பிளக் போச்சா?

மைத்துனனின் கார் கொஞ்ச நாளாகவே மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை, சமதளத்தில் பொறுமையாக ஓட்டினாலும் பெரிதாக ஒன்றும் தெரியாது. மேட்டில் ஏறும்போதுதான் சிக்கல். நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்துவிட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும் அதே கதை. வண்டி வெட்டி வெட்டி இழுக்கும், செக் எஞ்சின் லைட் கண் சிமிட்டும்.

"மாமா, பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்குமோ?" என்றான். கலந்திருந்தால் நாலு சிலிண்டருக்கும்தானே போயிருக்கும்?

ஏற்கெனவே ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டியிருந்தான். ஸ்கேனர் போட்டுப் பார்த்தவர்கள் ஆக்ஸிஜன் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கையில் இருந்த ரிப்போர்ட்டைப் பார்த்தேன். இரண்டு பிழைக் கோடுகள் (குறியீட்டு எண்கள்) இருந்தன. ஒன்று பி0171, அதாவது கலவையில் பெட்ரோல் குறைவு. இன்னொன்று பி0303, மூன்றாவது சிலிண்டரில் மிஸ்ஃபயர், உள்ளே போன கலவை சரியாக எரியாமல் போவது. முதல் வரியை மட்டும் படித்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் நிறைய நல்ல சென்சார்கள் இப்படித்தான் அநியாயமாகக் குப்பைக்குப் போகின்றன. ஒரு சிலிண்டரில் தீப்பொறி விழவில்லை என்றால் உள்ளே போன பெட்ரோலும் காற்றும் எரியாமல் அப்படியே வெளியே வருகின்றன. சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்ஸிஜனை மட்டும்தான் பார்க்கிறது. எரியாத காற்றில் ஆக்ஸிஜன் நிறைய இருக்கும் இல்லையா, அதைப் பார்த்து 'பெட்ரோல் போதவில்லை' என்கிறது. எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான இசியூவும் அதை நம்பி இன்னும் பெட்ரோல் ஊற்றுகிறது. சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது, கேட்டவர்கள்தான் தப்பாகப் புரிந்துகொண்டார்கள். மிஸ்ஃபயர் கோடும் கலவைக் கோடும் சேர்ந்து வந்தால் முதலில் மிஸ்ஃபயரைத் துரத்துங்கள், மற்றது பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னினால் வண்டியை ஓட்டாமல் இருப்பது நல்லது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரியும். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற அமைப்பு உருகிப்போனால், பிளக்குக்கு மின்சாரம் தரும் காயிலை மாற்றும் செலவெல்லாம் ஒரு செலவே இல்லை.

ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஒரு பகுதி உண்டு, கோடு பதிவான நொடியில் எஞ்சின் எந்த நிலையில் இருந்தது என்று காட்டும். பலர் அதைத் திறப்பதே இல்லை. நான் திறந்து பார்த்தேன். எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தது, ஆர்பிஎம் குறைவு, லோடு அதிகம். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

காயில் என்பது 12 வோல்ட்டை வாங்கி 20,000, 30,000 வோல்ட்டாக்கித் தரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர். தீப்பொறி பிளக்கின் இடைவெளியைத் தாண்ட எவ்வளவு வோல்ட் வேண்டும் என்பது சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பொறுத்தது. ஐடிலிங்கில், அதாவது எஞ்சின் சும்மா ஓடும்போது, அழுத்தம் குறைவு, அதனால் நோஞ்சான் காயிலும் சமாளித்துவிடும். மேட்டில் மிதித்தால் காற்று நிறைய உள்ளே வரும், அழுத்தம் எகிறும், தேவைப்படும் வோல்ட்டும் எகிறும். அப்போது காயிலின் இன்சுலேஷனில் எங்காவது பலவீனம் இருந்தால் மின்சாரம் பிளக்கை விட்டுவிட்டு அந்த வழியாக எர்த்துக்கு ஓடிவிடும். பழைய தோட்டக் குழாயில் தண்ணீரை முழுதாகத் திறந்த பிறகுதானே விரிசல் எங்கே என்று தெரிகிறது, அதே கணக்குதான்.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் ஹெட்டில் வைத்து ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்கும் பழைய முறையை நான் விட்டுவிட்டதும் இதனால்தான். வெளிக்காற்றில் செத்துக்கொண்டிருக்கும் காயிலும் நீலமாக ஒரு பொறி காட்டும். போதாக்குறைக்கு, எர்த் சரியாகக் கிடைக்காவிட்டால் காயிலுக்குள் இருக்கும் எலக்ட்ரானிக்ஸும் இசியூவும் அடி வாங்கும்.

நம்பகமான சோதனைக்குக் காசே ஆகாது. சந்தேகப்படும் காயிலை வேறொரு சிலிண்டருக்கு மாற்றிப்போட்டு ஓட்டிப் பார்ப்பதுதான். பிளக்கைத் தொடக்கூடாது, ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் இடம் மாற வேண்டும். இரண்டையும் சேர்த்து மாற்றினால் கோடு நகர்ந்தாலும் எதனால் நகர்ந்தது என்று சொல்ல முடியாது.

எஞ்சின் ஆறியதும், சாவியை எடுத்துவிட்டு, மேல் கவரைக் கழற்றினோம். பெரும்பாலான நாலு சிலிண்டர் எஞ்சின்களில் டைமிங் செயின் இருக்கும் பக்கம்தான் முதல் சிலிண்டர், இதிலும் அப்படியே. ஒவ்வொரு காயிலுக்கும் பத்தாம் நம்பர் போல்ட் ஒன்று. கனெக்டரில்தான் நிதானம் வேண்டும். வருடக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக், லாக்கை அழுத்தாமல் இழுத்தால் கையோடு வந்துவிடும். போல்ட் எடுத்த பிறகும் காயில் வராது, அடியில் இருக்கும் ரப்பர் பூட் பிளக்கைக் கவ்விக்கொண்டிருக்கும். இடமும் வலமும் லேசாகத் திருகி, பிடி விட்டதும் நேராக மேலே இழுக்க வேண்டும்.

மூன்றாவது காயில் வெளியே வந்தபோது மைத்துனன் கையெல்லாம் ஆயில். ரப்பர் பூட்-ஐத் துடைத்து வெளிச்சத்தில் பிடித்தேன். ரப்பரின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல மேலிருந்து கீழாக ஒரு சாம்பல் நிறக் கீறல், நடுவில் ஊசி நுனியளவு ஒரு கருப்புப் புள்ளி. மின்சாரம் திருட்டுத்தனமாகப் போய்வந்த தடம் அது. "இதான் மாமா!" என்று குதித்தான். "இரு மாப்ளே, ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லு" என்றேன். அதை ஒன்றாவது சிலிண்டரிலும், அங்கிருந்ததை மூன்றாவதிலும் போட்டு, கோடுகளை அழித்துவிட்டு, அதே மேட்டில் அதே கியரில் ஏற்றினோம். லைட் சிமிட்டியது. இப்போது பி0301, மிஸ்ஃபயர் காயிலோடு சேர்ந்து ஒன்றாவது சிலிண்டருக்குப் போய்விட்டது.

கோடு மூன்றிலேயே நின்றிருந்தால் அடுத்து பிளக்கை மாற்றிப்போட்டிருப்போம், பிறகு இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன் டெஸ்ட்.

மல்டிமீட்டர் வைத்துப் பார்க்கக்கூடாதா என்று கேட்பீர்கள். இரண்டு பின் காயிலில் பிரைமரி சுற்றின் மின்தடையை அளக்கலாம், பெரும்பாலும் ஒரு ஓம் அளவில் வரும். மூன்று, நான்கு பின் காயில்களில் உள்ளேயே டிரான்ஸிஸ்டர் இருப்பதால் ஓம் கணக்குக்கு அர்த்தமில்லை. தவிர, சூட்டில் மட்டும் மக்கர் பண்ணும் காயில் ஆறியிருக்கும்போது ஒழுங்கான அளவையே காட்டும். மீட்டர் கெட்டது என்றால் நம்பலாம், நல்லது என்றால் நம்ப வேண்டியதில்லை.

புதுக் காயிலைப் பழையதன் பார்ட் நம்பர் பார்த்தே வாங்கினோம். கனெக்டர் பொருந்துவதாலேயே அது நம் வண்டிக்கானது என்று ஆகிவிடாது. ரப்பர் பூட்-இன் உள்விளிம்பில் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம் தடவினால் அடுத்த முறை ஒட்டிக்கொள்ளாது. அது மின்சாரத்தைத் தடுக்கும் பொருள், எனவே உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கில் அப்ப வேண்டாம். போல்ட் சின்னது, பிடிப்பதும் பிளாஸ்டிக்கை, சிக்கென்று நின்றால் போதும்.

அதற்குமுன் பிளக்குகளையும் கழற்றினோம். இந்த எஞ்சினுக்கு இடைவெளி 1.1 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், ஃபீலர் கேஜ் வைத்தால் எல்லாமே அதைத் தாண்டித் தேய்ந்திருந்தன. இடைவெளி கூடினால் காயில் அந்த அளவுக்குக் கூடுதல் வோல்ட்டைத் தர வேண்டும், வருடக்கணக்கில் அப்படி உழைத்தால் இன்சுலேஷன் தாங்காது. தேய்ந்த பிளக்கை அப்படியே விட்டுவிட்டுப் புதுக் காயில் போடுவது அந்தக் காயிலுக்கும் நாள் குறிப்பதுதான். நாலு பிளக்கும் புதிது போட்டோம், முதலில் கையால் மட்டும் திருகி, மரை சரியாக ஏறியது தெரிந்த பிறகுதான் ராட்செட். அலுமினிய ஹெட்டில் மரை போனால் அழக்கூட நேரம் இருக்காது.

நாலு காயிலையும் மாற்றிவிடலாமே என்றான். எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்ற மூன்று ரப்பர் பூட்களும் சுத்தமாக இருந்தன, புதுக் காயில் போட்டு ஓட்டிப் பார்த்ததில் மிஸ்ஃபயர் கணக்கும் நாலு சிலிண்டருக்கும் பூஜ்யம். அந்தக் காசுக்கு, ஆயில் கசியாமல் தடுக்கும் டேப்பட் கவர் கேஸ்கெட்டும் பிளக் குழாய் சீல்களும் வாங்கச் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது குழியில் ஆயில் இறங்குவது இன்னும் நிற்கவில்லை, இப்போதைக்குத் துணியால் ஒற்றி எடுத்துத்தான் காயிலை மாட்டியிருக்கிறோம்.