தடைக்காலத்திலேயே தொடங்குங்கள்: கல்லூரிக்குப் போகும் நம் கடற்கரைப் பிள்ளைகளுக்கு

பிளஸ் டூ முடிவு மே மாதத்தில் வருகிறது. நம் கரையில் அது மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வீட்டில் கைச்செலவுக்கே காசு புரளாத அந்த நாட்களில்தான் விண்ணப்பக் கட்டணம், சேர்க்கைக் கட்டணம், விடுதி முன்பணம் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கும். வெளியூர்க்காரர்கள் சொல்லும் கல்லூரி ஆலோசனைகளில் இந்தச் சிக்கல் இருக்காது. நான் ராமேஸ்வரம் தீவின் தங்கச்சிமடத்தில் தமிழ்வழியில் படித்தவள். மதுரையில் இயற்பியல் முடித்து, இப்போது முதலாண்டு வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் முதல் பருவத்தில் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதை வகுப்பில் நின்று பார்க்கிறேன். காசு, சான்றிதழ், ஆங்கிலப் புத்தகம், வருகைப் பதிவு ஆகியவற்றையெல்லாம் கல்லூரி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் பெரும்பாலும் திணறுகிறார்கள்.

முதலில் காசு. படகு வைத்திருக்கும் வீட்டிலும் சரி, கூலிக்குப் போகும் வீட்டிலும் சரி, அவசரம் என்றால் அப்பா மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். அந்தப் பணம் தீரும்வரை பிடிக்கிற மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். மூன்று வருடப் படிப்புக்கு வாங்கிய முன்பணம் பல வருடம் வீட்டைப் பிடித்துக்கொள்ளும். அதனால் வேறு வழிகளை முதலில் பார்த்துவிடுங்கள். கல்விக் கடன் 4 லட்சம் ரூபாய் வரை வங்கி பிணையம் கேட்கக் கூடாது என்பது விதி. பொறியியல், மருத்துவம், வேளாண்மை போன்ற தொழிற்படிப்புகளுக்கு அரசுக் கலந்தாய்வு வழியாகப் போகிறவர்களுக்கு, வீட்டில் யாரும் பட்டம் வாங்காதிருந்தால் முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியல், கால்நடை, சட்டம், மீன்வளம் என்று பல படிப்புகளுக்கு அது பொருந்தும். அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. இதைத் தெரியாமல் நகையை அடகு வைத்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், மனசு பதறும்.

மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. கல்லூரியில் சேர்ந்ததும் அங்கேதான் பதிய வேண்டும். பணம் உங்கள் சொந்த வங்கிக் கணக்குக்கு வரும், அதனால் அந்தக் கணக்கு ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும்.

பலருக்கு ஆதாரில்தான் சிக்கலே. ஆதாரில் ஒரு எழுத்து, மதிப்பெண் பட்டியலில் வேறு எழுத்து. கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் முகமது என்பதை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள். நம் தீவுப் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிப் பெயர் ஒன்று. இனிஷியல் முன்னாலா பின்னாலா என்பதில் இன்னொரு குழப்பம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரை அடிப்படையாக வைத்து மற்றதையெல்லாம் அதற்கு ஒப்பாக மாற்றிக்கொள்ளுங்கள். ஏப்ரலிலேயே இ-சேவை மையத்துக்குப் போனால் சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களை நிதானமாக வாங்கலாம். முதல் பட்டதாரிக்கு அண்ணன், அக்கா படிப்பு விவரமும் கேட்பார்கள், அவர்கள் மாற்றுச் சான்றிதழையும் தேடி எடுத்து வையுங்கள். மே மாதக் கடைசியில் போனால் மாவட்டமே அங்கே வரிசையில் நிற்கும்.

எந்தப் படிப்பு என்பதில் அதிகம் சொல்லப் போவதில்லை. ராமேஸ்வரத்திலும் ராமநாதபுரத்திலும் அரசுக் கலை அறிவியல் கல்லூரிகள் இருக்கின்றன, கட்டணமும் குறைவு. வெளியூர் போனால்தான் படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். விரும்பிய பாடம் கிடைக்கவில்லை என்று ஒரு வருடத்தை வீணாக்கவும் வேண்டாம். நம் ஊர் அப்துல் கலாம் திருச்சி புனித ஜோசப் கல்லூரியில் இயற்பியல் பட்டம் முடித்த பிறகுதான் தனக்கு வேண்டியது பொறியியல் என்று தெளிந்து, சென்னை எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். அந்தப் படிப்பு அவருக்கு வீணாகப் போகவில்லை. விலங்கியல் எடுப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மையம் ஒன்று மண்டபத்திலேயே இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. பவளப்பாறையும் கடல் அட்டையும் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குப் புத்தகத்தில் படம், உங்களுக்கு வீட்டு வாசல். வகுப்பில் அதைப் பற்றிப் பேச்சு வரும்போது வாயைத் திறந்து பேசுங்கள்.

இனி ஆங்கிலம். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளையும் இதுதான் ஊமையாக்குகிறது. பிளஸ் டூ வரை நூற்றுக்கு தொண்ணூறு வாங்கிய பெண் முதல் வாரத்தில் பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்துவிட்டு, தனக்கு எதுவும் தெரியாது என்று முடிவு செய்துவிடுகிறாள். அவளுக்குப் பாடம் தெரியும். திசைவேகம், முடுக்கம், உந்தம் எல்லாம் கணக்குப் போட்டே பழகியவள். வெலாசிட்டி, ஆக்சிலரேஷன், மொமென்டம் என்று வேகமாகக் காதில் விழும்போது அந்தப் பழகிய பாடத்தோடு அவளால் உடனே சேர்த்துப் பார்க்க முடியவில்லை.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. தமிழக அரசின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. அலகு, படம், கணக்கு எல்லாம் அதே வரிசையில் வரும். இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீங்கள் கல்லூரியில் எடுக்கப்போகும் பாடத்தின் ஆங்கிலவழிப் புத்தகத்தை எடுங்கள். உங்கள் பழைய தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வையுங்கள். இயற்பியல் என்றால் பதினொன்றாம் வகுப்பு இயக்கவியல் அலகில் தொடங்கலாம். ஒரு பத்தியைத் தமிழில் படித்துவிட்டு அதே பத்தியை ஆங்கிலத்தில் சத்தமாகப் படியுங்கள். அப்புறம் இரண்டையும் மூடிவிட்டு, என்ன புரிந்தது என்று ஆங்கிலத்தில் நாலு வரி எழுதுங்கள். இலக்கணம் தப்பானால் ஆகட்டும். தெரிந்த பாடத்தையே படிப்பதால் பயம் வராது, புதுச் சொல் மட்டும்தான் புதிது. தினமும் ஒரு மணி நேரம் வைத்தால் கல்லூரி திறப்பதற்குள் இரண்டு மூன்று அலகுகள் முடியும். ஆயிரக்கணக்கில் காசு கட்டிப் பேச்சு ஆங்கில வகுப்புக்குப் போவதைவிட இது பலன் தரும் என்பது என் உறுதியான கருத்து. உங்களுக்கு முதலில் வேண்டியது வகுப்பில் பேசப்படும் பாட ஆங்கிலம். கடைத்தெரு ஆங்கிலம் பிறகு தானாக வரும்.

இன்னொன்று. ஆங்கிலவழிப் படிப்பில் சேர்ந்தாலும் தாய்மொழியில் தேர்வு எழுத அனுமதியுங்கள் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் என்ன நடைமுறை என்று முதல் வாரமே துறைத் தலைவரிடம் கேளுங்கள். தமிழில் எழுத முடிந்தால் எழுதலாம், அதில் குறைச்சல் எதுவும் இல்லை. ஆனால் கலைச்சொற்களை மட்டும் ஆங்கிலத்திலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மேற்படிப்புப் புத்தகங்களைப் படிக்க அது வேண்டும்.

ஆண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தடைக்காலம் முடிந்து படகுகள் இறங்கும் சமயத்தில்தான் கல்லூரியும் திறக்கும். ஆள் பற்றாக்குறை, அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, ஒரு நாள் மட்டும் வாடா என்பார்கள். போகாதே என்று என்னால் சொல்ல முடியாது, அந்த வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்றால் 22 நாள்தான் விடுப்பு எடுக்க முடியும். இன்று காலை படகில் ஏறினால் நாளைக் காலைதான் கரை, அதற்குப் பிறகு தூக்கம். ஒரு முறை கடலுக்குப் போனால் இரண்டு நாள் வகுப்பு போய்விடும். வாரம் ஒருமுறை போனால் பருவம் முடிவதற்குள் முப்பத்தைந்து நாள் தாண்டிவிடும். அப்புறம் தேர்வுக் கூடத்துக்குள்ளேயே விடமாட்டார்கள். போயே ஆகவேண்டும் என்றால் சனிக்கிழமை போங்கள், ஞாயிறு கரைக்கு வந்துவிடலாம். இந்தக் கணக்கை அப்பாவிடம் உட்கார்ந்து சொல்லுங்கள். படகு கணக்குப் பார்க்கத் தெரிந்தவருக்கு இது உடனே புரியும்.

வீட்டு நினைப்பும் வருகையைக் கெடுக்கும். புதிய பாம்பன் பாலம் 2025 ஏப்ரலில் திறந்து ராமேஸ்வரம் வரை ரயில் திரும்பவும் ஓடுவதால், மதுரையில் படிப்பவர்களுக்கு வாராவாரம் ஊருக்கு வர ஆசை வரும். முதல் இரண்டு மாதம் மாதத்துக்கு ஒருமுறை போதும். திங்கட்கிழமை காலை வகுப்பைத் தூங்கி வழிந்து தவறவிடுவது அப்படித்தான் தொடங்குகிறது.

விடுதியில் யாராவது மிரட்டினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் 1997 முதல் இருக்கிறது. 1800-180-5522 என்ற தேசிய உதவி எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள், வீட்டிலும் எழுதிக் கொடுங்கள்.

வகுப்பு தொடங்கியதும் பாடத்திட்ட நகலையும், கடந்த சில வருட வினாத்தாள்களையும் சீனியர்களிடம் வாங்கிவிடுங்கள். பல கலைக் கல்லூரிகளில் அக மதிப்பீட்டுக்கு 25, பருவத் தேர்வுக்கு 75 மதிப்பெண். அந்த 25 சின்னச் சின்னத் தேர்விலும் ஒப்படைப்பிலும் சேர்வது, நாள் தவறினால் திரும்பக் கிடைக்காது. முதல் உள்தேர்வில் மதிப்பெண் குறைந்தால் தாளை எடுத்துக்கொண்டு அன்றைக்கே ஆசிரியரைப் பாருங்கள். எங்கே தப்பு என்று கேட்டு வரும் மாணவரை நாங்கள் யாரும் விரட்டுவதில்லை. அரியர் விழுந்துவிட்டாலும் அடுத்த வாய்ப்பிலேயே எழுதிவிடுங்கள். கடைசி வருடத்துக்குத் தள்ளினால் அந்தப் பாடத்திட்டமே மாறியிருக்கலாம், வேலைக்கான நேர்காணலும் அப்போதுதான் வரும்.