ஹூக்கில இருந்த வெடிப்பு

ஒப்பரேசன் தியேட்டர்ல நர்ஸா 12 வருசம் நிண்டிட்டன், இண்டைக்கும் லாப் கேஸ் (வயித்தில சின்ன ஓட்டை போட்டு கமரா விட்டுச் செய்யிற ஒப்பரேசன்) எண்டா நான் முதல்ல தேடுறது டயதேமி ஹூக்கை, கரண்ட் சூட்டில சதையை வெட்டுற அந்தக் கொக்கியைத்தான். ட்ரேயில இருந்து எடுத்து, லைட்டுக்கு நேரா பிடிச்சு, கரண்ட் வெளிய கசியாம மேல மூடியிருக்கிற கறுப்பு உறையை உருட்டி உருட்டிப் பாப்பன். புதுசா வாற பிள்ளையள் "அக்கா கண்ணூறு கழிக்கிறா" எண்டு சிரிப்பினம். சிரிக்கட்டும்.

கொழும்பில நான் முதல் வேலை செய்த ஆஸ்பத்திரி, பேர் வேண்டாம். ஒரு அம்மாக்கு பித்தப்பை ஒப்பரேசன், எல்லாம் வடிவா முடிஞ்சு அடுத்த நாளே வீட்ட போயிட்டா, 4ஆம் நாள் வயிறு ஊதி காய்ச்சலோட திரும்பி வந்தா. திறந்து பாத்தா சிறுகுடல்ல ஓட்டை, சுத்திவர வெள்ளையா வெந்துபோய். பிறகு ஹூக்கை எடுத்துப் பாத்தம், நுனியில இருந்து நாலு விரல் தள்ளி உறையில மயிர் மாதிரி ஒரு வெடிப்பு. கமராவில தெரியிறது நுனிப் பக்கம் மட்டும்தானே, அதுக்குப் பின்னால கரண்ட் எங்க கசியுதெண்டு ஆர் கண்டது. பெரிய கிழிசல் எண்டா கண்ணில படும், இந்த மயிர் வெடிப்புத்தான் பொல்லாதது, கரண்ட் முழுக்க அந்த ஒரு புள்ளியால பாயும். சுட்ட இடம் அண்டைக்கே ஓட்டையாகாது, வெந்த சதை உதிர நாள் எடுக்கும். எல்லாருக்கும் விளங்கிச்சு, ஒருத்தரும் வாய் திறக்கேல்ல.

பிறகு ஹார்மோனிக் எண்டு அதிர்வால வெட்டுற கருவி வந்துது. நோயாளியின்ர உடம்புக்குள்ள கரண்ட் போகாது, பிளேட் செக்கனுக்கு 55,500 தரம் அதிர்ந்து அந்தச் சூட்டிலதான் வெட்டுறது, பயமில்ல எண்டு சொன்னாங்கள். சேர் வெட்டி முடிச்சுத் தந்த உடன நான் கோஸால நுனியைத் துடைச்சன், கிளவுஸையும் தாண்டி விரல் பொசுங்கிப் போச்சு. வெட்டின கையோட அதால குடலைத் தள்ளினா என்ன ஆகும் எண்டு அண்டைக்கு என்ர விரல்தான் சொல்லித் தந்துது.

ஹூக்கின்ர உறை நல்லா இருந்தாலும் நிம்மதி இல்ல. நுனி ஒண்டிலயும் படாம சும்மா நிக்கேக்க கரண்ட் விடுற பெடலை மிதிச்சா, அதுவும் வோல்டேஜ் கூடின நீலப் பெடலை, போக வழியில்லாத கரண்ட் உறையைத் தாண்டியே பக்கத்தில இருக்கிறதில ஏறப் பாக்கும். இதை ஒரு பெரிய சேர்ஜனுக்கு நர்ஸ் ஒருத்தி எப்பிடிச் சொல்லுறது? எங்கட ஆக்களுக்கு அதுதான் மெஷினை விடக் கஷ்டம். போன மாசம் ஒருக்கா சொல்லிட்டன், "சேர், நுனி காத்தில நிக்குது." தியேட்டர் முழுக்க அமைதி, மொனிட்டர்ச் சத்தம் மட்டும். அவர் என்னைப் பாக்கவும் இல்ல, காலை எடுத்திட்டார்.