‘வானிலை’ தலைப்பெழுத்து: பழைய லை ஒருவழியாக அமர்ந்தது

நண்பர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் எங்கள் கையெழுத்து இதழான ‘வானிலை’யின் அட்டைக்குத் தலைப்பெழுத்து வரையும் வேலையில், நெடுநாளாக அடங்க மறுத்த பழைய ‘லை’ ஒருவழியாகப் படிந்துவிட்டது என்பதைச் சற்றே தற்பெருமையோடு பதிவு செய்கிறேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சில் இருந்த துதிக்கை வடிவத்தையே, அதாவது ஐகாரக் குறி யானைத் துதிக்கைபோல் எழுத்தோடு ஒட்டி மேலெழும் வடிவத்தையே, தலைப்பில் வைப்பது என்பதில் நான் தொடக்கத்திலிருந்தே பிடிவாதமாக இருந்தேன். இன்றைய ஐகாரக் குறி, மூன்றெழுத்துத் தலைப்பின் அகலத்தை மேலும் நீட்டிவிடுகிறது. துதிக்கையோ அகலத்தைக் கூட்டாமல் மேலே எழுகிறது.

சிக்கல் அந்த எழுச்சியில்தான் இருந்தது. ‘னி’யின் மேல்விலங்கு (இகரத்தைக் காட்டும் மேல்வளைவு) வலப்பக்கம் வளைந்து இறங்கும் அதே இடத்தில்தான் ‘லை’யின் துதிக்கையும் இடப்பக்கத்திலிருந்து மேலேறுகிறது. ஈய அச்சில் ஒவ்வோர் எழுத்தும் தனித்தனி உலோகக் கட்டையில் அமர்வதால் இரண்டுக்கும் நடுவே இடைவெளி தானாகவே கிடைத்துவிடும். கையால் வரையும்போது அந்தப் பாதுகாப்பு இல்லை. இரண்டு வளைவுகளையும் ஒரே கோடாக இணைத்துப் பார்த்தேன். பார்வைக்கு அழகாகவே இருந்தது, ஆனால் வீட்டில் எவராலும் அதை ‘வானிலை’ என்று வாசிக்க முடியவில்லை.

வழி கிடைத்தது பழைய வார இதழ்களின் தொடர்கதைப் பக்கங்களில். விகடனில் கோபுலுவும் கல்கியில் மணியமும் வரைந்த காலத்துப் பக்கங்களைப் புரட்டினால், கதைத் தலைப்பு பெரும்பாலும் அச்சுக்கோத்ததாக இராது. கையால் எழுதப்பட்டு, படத்தோடு ஒட்டி நிற்கும். கோட்டோவியங்களை அச்சிடப் பயன்பட்ட உலோகக் கட்டையான கோட்டு ப்ளாக்கில் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே பதியும், இடைப்பட்ட சாம்பல் நிறம் பதியாது என்பதால், அத்தகைய எழுத்தில் கோட்டின் தடிப்பே எல்லாப் பொறுப்பையும் சுமக்கிறது. நெருக்கடியான இடத்தில் ஓர் எழுத்தைச் சற்றே கீழிறக்கி, மற்றொன்றின் வளைவை அதன் தோளுக்கு மேல் செல்லவிடும் உத்தியை அங்கேதான் கண்டுகொண்டேன். இப்போது மேல்விலங்கு உயரமாகக் கடந்து செல்கிறது. துதிக்கை அதன் அடியில், ஒரு பேனா முனையின் பாதி அகலம் இடைவெளி விட்டு ஒடுங்குகிறது.

இடம் கிடைத்த பிறகும் பேனா படுத்தியது. 6 மில்லிமீட்டர் பட்டை முனை கொண்ட பைலட் பேரலல் பேனாவை நான் வழக்கமாக 40 பாகைச் சாய்வில் பிடிப்பேன். துதிக்கை வலப்பக்கம் சாய்ந்து ஏறும் திசையும் ஏறத்தாழ அதுவேயாதலால், தடித்து நிற்க வேண்டிய கோடு அங்கே மயிரிழையாக மெலிந்துவிட்டது. தீர்வு என்னவென்றால், துதிக்கையை மட்டும் தனிக் கோடாகப் பிரித்து, முனையை ஏறக்குறைய கிடைமட்டமாகத் திருப்பி, மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும்; ‘ல’வின் தொடக்கத்தைத் தொடும் கணத்தில் மீண்டும் பழைய சாய்வுக்கு வர வேண்டும். மணிக்கட்டைத் திருப்பினால் கோடு நடுங்குகிறது. பேனாவை விரல்களுக்குள் உருட்டினால் நடுங்குவதில்லை.

ஓவியர் ஆதிமூலம் சிற்றிதழ்களுக்கும் நூல்களுக்கும் எழுதிய தலைப்புகளின் தூரிகை முரட்டுத்தனம் எனக்கு மிகவும் பிடித்தது என்றாலும், இந்தத் தலைப்புக்கு அது பொருந்தவில்லை. அதை உள் பக்கத் தலைப்புகளுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

வரைவைப் படியெடுக்கும் மெல்லிய தாளான பட்டர் பேப்பர் வாங்குவோருக்கு ஒரு குறிப்பு: சுருளாக வாங்காமல் தாளாகவே வாங்குங்கள், சுருள் எத்தனை புத்தகங்களை அடுக்கினாலும் நிமிராது. அட்டைத் தாளுக்குச் சென்னை ஆண்டர்சன் தெருவில் அலைந்தால் பல வகை மாதிரிகளைத் தொட்டுப் பார்த்தே தேர்ந்தெடுக்கலாம். பழைய இதழ்களுக்குத் திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளை விட்டால் எனக்கு வேறு கதி இல்லை.

துதிக்கை வடிவங்கள் நான்கையும், அதாவது ணை, னை, லை, ளை ஆகியவற்றை, எழுத்துரு உருவாக்கும் மென்பொருளான ஃபான்ட்ஃபோர்ஜில் மாற்று வடிவங்களாகச் சேர்த்து ஓர் எழுத்துரு செய்யும் ஆசையும் முளைத்திருக்கிறது. யூனிகோடில் எழுத்து ஒன்றே, தோற்றம் எழுத்துருவின் பொறுப்பு என்பதால், தட்டச்சு செய்பவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அதற்கு முன் ‘வா’வின் காலைச் சரிசெய்தாக வேண்டும், புதிய ‘லை’யின் தடிப்புக்கு எதிரில் அது இப்போது மெலிந்து தெரிகிறது.