புது ரேடியேட்டர் போட்டும் கூலண்ட் குறைந்தது: எங்கே போனது என்று தேடியது

என் டொயோட்டா கொரோலா 121 காருக்குப் புது ரேடியேட்டர் போட்ட பிறகும் கூலண்ட் (எஞ்சினைக் குளிர வைக்கும் திரவம்) குறைந்துகொண்டே வந்தது. மாற்றின புதிதில் கொஞ்சம் குறைவது இயல்பு. எஞ்சினுக்குள்ளும் ஹீட்டர் குழாய்களிலும் அகப்பட்ட காற்று, சூடாகி ஆறி சூடாகி ஆறித்தான் வெளியே வரும், அந்த இடத்தைக் கூலண்ட் பிடித்துக்கொள்ளும். ஆனால் காற்று போய் முடிந்ததும் மட்டம் ஓரிடத்தில் நிற்க வேண்டும். இது நிற்கவில்லை.

கராஜில் காட்டினால் எடுத்த எடுப்பிலேயே "ஹெட் கஸ்கட் போயிருக்கும்" என்றார்கள், அதாவது எஞ்சினுக்கும் அதன் மேற்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு. அந்தச் சொல்லை இவ்வளவு லேசாகச் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது, ஏனென்றால் அதை நம்பி ஹெட்டைக் கழற்றினால் எவ்வளவு செலவு, எவ்வளவு நாள் கார் இல்லாமல் அலைவது! அதற்கு முதல் பார்க்கவேண்டியதைப் பார்த்தேன். ஒயில் மூடிக்கு அடியில் வெளிறிய பசை இல்லை (கூலண்ட் ஒயிலில் கலந்தால் வரும்), சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை (கூலண்ட் எரிந்தால் வரும்), முன் கார்ப்பெட் காய்ந்து கிடந்தது (ஹீட்டர் ஒழுகினால் நனையும்). ஓட்டோ கியர் என்பதால் கியர் ஒயிலையும் பார்த்தேன் (அதைக் குளிர வைக்கும் குழாய் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்தான் இருக்கிறது, அது உள்ளே ஓட்டையானால் இரண்டும் கலந்துவிடும்), தெளிவான சிவப்பு. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கிற நீலத் திரவச் சோதனையும் செய்வித்தேன். எரிந்த வாயு கூலண்டுக்குள் வந்தால் அது மஞ்சளாகும். நீலம் நீலமாகவே இருந்தது.

காருக்கு அடியில் தண்ணீர் நின்றது உண்மை, ஆனால் கொழும்புச் சூட்டில் ஏசி போட்டு ஓடினால் எந்தக் காருக்கு அடியிலும் தண்ணீர் நிற்கும். வெள்ளைத் திசுத்தாளால் ஒற்றிப் பார்த்தால் என் கூலண்டின் ஊதா நிறமும் இல்லை, வழவழப்பும் இல்லை. அது ஏசித் தண்ணீர்தான்.

துப்பு கிடைத்தது காலையில், எஞ்சின் நன்றாக ஆறியிருந்த நேரம் ரேடியேட்டர் மூடியைத் திறந்தபோது. (சூடாக இருக்கும்போது ஒருபோதும் திறக்க வேண்டாம், முகத்தில் அடிக்கும்.) ரேடியேட்டருக்குள் மட்டம் கீழே, ரிசேவ் போத்தலில் மட்டம் முழுக்கோட்டுக்கு மேலே. வெளியே ஒழுகினால் பெரும்பாலும் இரண்டும் குறையும். இங்கே சூடாகும்போது கூலண்ட் விரிந்து போத்தலுக்குப் போகிறது, ஆறும்போது திரும்பி வரவில்லை. போத்தல் நிரம்ப நிரம்ப, மிச்சம் அதன் மூடி வழியாக ஓட்டத்திலேயே சிந்திப் போயிருக்க வேண்டும். மூச்சை விடத் தெரிந்து இழுக்கத் தெரியாத மாதிரி.

முதல் சந்தேகம் மூடி மேல். பழையதில் 1.1 என்று இருந்தது (மூடி தாங்கும் அழுத்தம், ஏறக்குறைய பார் கணக்கில்), புது ரேடியேட்டரோடு வந்ததில் 0.9. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில், வழக்கமாகப் போகிற கடைக்கார நானாவிடம் காட்டினேன். "பழசையும் கொண்டு வந்தீங்களா தம்பி?" என்று வாங்கி, இரண்டின் ரப்பரையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, 1.1இலேயே ஒன்று எடுத்துத் தந்தார். இந்த இலக்கம் சும்மா இல்லை. வெறும் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும், 1 பார் அழுத்தம் கூடினால் ஏறக்குறைய 120 பாகை வரை தாங்கும். காலி வீதி நெரிசலில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஊர்ந்து வரும்போது அந்த இடைவெளி தேவை.

மூடி மாறியும் அதே கதை. கராஜில் பிரஷர் டெஸ்டர் (மூடியின் இடத்தில் மாட்டி அழுத்தம் ஏற்றி ஒழுக்குப் பார்க்கும் கருவி) போட்டு 1.1 வரை அடித்தார்கள், முள் இறங்கவில்லை, வோட்டர் பம்ப் துளையும் (பம்ப் ஒழுகினால் அதில்தான் சொட்டும்) காய்ந்திருந்தது. "ஒழுக்கு இல்லை அண்ணை, ஓடுங்க" என்றார் அங்கிருந்த தம்பி. டெஸ்டர் ரேடியேட்டர் கழுத்தின் உள்வளையத்தில் உட்கார்ந்து அடைக்கிறது, போத்தலுக்குப் போகும் சின்னக் குழாயோ அந்த வளையத்துக்கு வெளியே இருக்கிறது. அந்தச் சோதனை அதைத் தொடவே இல்லை!

இன்னொன்றும் கவனித்தேன். மூடியின் உறிஞ்சு வால்வோ (ஆறும்போது கூலண்டைத் திரும்ப உள்ளே விடுவது) சின்னக் குழாயோ அடைத்திருந்தால் ஆறும்போது ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டும். இங்கே ஹோஸ் உருண்டையாகவே இருந்தது. அப்படியென்றால் உறிஞ்சல் நடக்கிறது, கூலண்டுக்குப் பதிலாக காற்று வருகிறது.

சின்னக் குழாயைக் கழற்றி, ஒரு முனையை விரலால் அடைத்து, வாளித் தண்ணீருக்குள் பிடித்து, மறுமுனையில் பார்மசியில் வாங்கிய பெரிய சிரிஞ்சால் காற்று அடித்தேன். வாயால் ஊதவேண்டாம், கூலண்ட் நஞ்சு. கிளிப் பிடிக்கிற இடத்திலிருந்து குமிழ் குமிழாக வந்தது. புது ரேடியேட்டரின் குழாய்முனை பழையதைவிடக் கொஞ்சம் தடிப்பு, இறுகிப்போன பழைய ரப்பரை அதில் வலிந்து ஏற்றினதில் நீளவாக்கில் பிளந்திருக்கிறது. கிளிப் அதை மூடி மறைத்திருந்தது. சுற்றிவர ஊதாத் தூள் காய்ந்திருந்தது.

கூலண்டுக்கு ஏற்ற புதுக் குழாயை அளவாக வெட்டி, போத்தலின் அடிவரை போகிறதா என்று பார்த்துப் போட்டேன். அந்த முனை கூலண்டுக்குள் அமிழ்ந்திருக்காவிட்டால் திரும்பவும் காற்றைத்தான் இழுக்கும். கூலண்டை ஊற்றி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் எஞ்சினை ஓடவிட்டு, தேமோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்து மேல் ஹோஸ் சூடாகும்வரை நின்று காற்றை எடுத்தேன். அப்புறம் அதிவேகப் பாதையால் காலிக்குப் போய் வந்து அடுத்த நாள் காலை பார்த்தால் ரேடியேட்டர் வாய்வரை கூலண்ட், போத்தல் கோட்டில். இப்போதும் அப்படியே நிற்கிறது. கீழ் ஹோஸும் அதே வயதுதான், அடுத்த முறை கூலண்ட் மாற்றும்போது அதையும் கழற்றப்போகிறேன்.