குளிரையும் கணக்கில் சேர்க்கும் வேலை

வடதுருவத்தை ஒட்டிய நிலப்பரப்புகளில் அளவைப் பணிக்குக் குளிர்காலத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள் என்றால் பலரும் நம்புவதில்லை. கோடையில் அங்கே சதுப்பு காலை உள்ளே இழுக்கும். கொசுக்களோ கருவியைப் பார்க்கவே விடாது. அதே சதுப்பும் ஏரிகளும் உறைந்துவிட்டால் வண்டி ஓடும் தரையாகிவிடுகின்றன. இலையுதிர்ந்த மரங்களினூடே கருவியிலிருந்து குறிவரை தடையில்லாத பார்வைக்கோடும் எளிதில் கிடைத்துவிடுகிறது. அந்த வசதியோடு கூடவே வருபவைதான் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் குளிரும், சில மணி நேரத்தில் முடிந்துவிடும் பகலும்.

உடம்பு எப்படித் தாங்குகிறது என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. குளிர் பழகிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். தாங்குவதற்கான ஒழுங்குதான் பழகுகிறது. வியர்க்கும் அளவுக்கு வேகமாக நடக்கக் கூடாது, ஏனென்றால் நனைந்த உள்ளாடை நின்ற இடத்திலேயே உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும்; பருத்தியை அணிவதே இல்லை. உடன் பணிபுரிபவரின் மூக்கிலும் கன்னத்திலும் வெள்ளைத் திட்டு தெரிகிறதா என்று அவ்வப்போது பார்த்துச் சொல்வதும் வேலையின் ஒரு பகுதி, தன் முகத்தில் உறைவு தொடங்குவது தனக்கே தெரியாது என்பதால்.

ஆனால் என்னைப் பொறுத்தவரை, இந்த வேலையின் கடினம் உடம்பில் இல்லை, எண்களில் இருக்கிறது. கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் கருவியான டோட்டல் ஸ்டேஷன் ஒளியை அனுப்பி, அது எதிர்முனையில் நிறுத்திய பிரிசம் என்னும் பிரதிபலிப்புக் கண்ணாடியில் பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தைக் கணிக்கிறது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது. அதில் ஒளி சற்று மெதுவாகச் செல்வதால், கருவி தூரத்தைக் கூட்டிக் காட்டும். மைனஸ் 30 டிகிரியில், வெப்பநிலைத் திருத்தம் கொடுக்காமல் அளந்தால், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் பிழை சேரும். எஃகு நாடாவும் இதே பக்கம்தான் பிழை செய்கிறது: 20 டிகிரிக்கென அளவிடப்பட்ட 30 மீட்டர் நாடா அந்தக் குளிரில் சுமார் 17 மில்லிமீட்டர் சுருங்கிவிடுவதால், தூரம் அதிகமாகவே தெரியும். ஒன்றை மற்றொன்றால் சரிபார்த்து, இரண்டும் ஒத்துப்போகின்றன என்று நிம்மதி அடைவது எவ்வளவு ஆபத்தானது என்பதைப் புதிதாகச் சேருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதனால்தான். காற்று வீசாத நாளில் பனிப்பரப்பை ஒட்டிய காற்று மேலுள்ள காற்றைவிடக் குளிர்ந்திருப்பதால், பார்வைக்கோடு வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தரையை நோக்கி வளைகிறது. உயர வேறுபாட்டை இரு முனைகளிலிருந்தும், இயன்றவரை ஒரே நேரத்தில், அளந்து சராசரி எடுப்பதே அந்த வளைவால் வரும் பிழையை நீக்க நம்பகமான வழி.

கருவிகளுக்கும் அவற்றுக்கே உரிய சுபாவங்கள் உண்டு. கருவி சமமாக நிற்கிறதா என்று காட்டும் மட்டக்குமிழுக்குள் இருக்கும் திரவம் சுருங்குவதால் குமிழ் நீண்டு, குறிகளைத் தாண்டி நிற்கும். மட்டத்திருகுகளின் மசகு கெட்டிப்பட்டு, விரலுக்கு இணங்காமல் அடம்பிடிக்கும். பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருந்து, தேவைப்படும்போதுதான் மாட்டுவோம். பார்வைக்கண்ணாடியில் மூச்சுப் பட்டால் அந்த நொடியே பனி படியும் என்பதால், மூச்சை அடக்கிக்கொண்டு, மெல்லிய உள்ளுறையணிந்த விரலால் திருகைத் திருப்பி, பிரிசத்தின் நடுவில் குறுக்கிழையைப் பொருத்தி, வாசிப்பை உரக்கச் சொல்லிவிட்டுத்தான் முகத்தைத் திருப்ப வேண்டும். குறிப்பேட்டில் எழுத பென்சில்தான். பேனா மை உறைந்துவிடும். மாலையில் கூடாரத்துக்குத் திரும்பியதும் கருவிப்பெட்டியை உடனே திறக்கக் கூடாது. சூடான காற்றின் ஈரம் குளிர்ந்த கண்ணாடிகளில் நீராகப் படிந்து, மறுநாள் வெளியே கொண்டுபோனதும் உள்ளேயே உறைந்துவிடும். மூடியபடியே மெல்லச் சூடேற விட வேண்டும்.

இத்தனை கவனமும் நிலம் அசையாமல் இருந்தால்தான் பயன்படும்; அங்கே நிலமும் அசைகிறது. ஈரமண் உறையும்போது கீழேயிருந்து மேலும் நீரை ஈர்த்துப் பனிக்கட்டி அடுக்குகளை உண்டாக்கி, அளவைக்கு ஆதாரப் புள்ளியாக நட்ட அடையாளக் கம்பி ஆழம் போதாததாக இருந்தால் அதைப் பற்றி மேலே தூக்கிவிடும். ஆண்டு முழுவதும் உறைந்தே கிடக்கும் அடிமண்ணுக்குள் கம்பியை ஆழமாக இறக்கி, கோடையில் உருகி மீண்டும் உறையும் மேலடுக்கு மட்டும் அதைப் பற்றாதபடி உறையிட்டுப் பொருத்துவோம். அந்தப் பணிக்கு ஒரு பகல்பொழுது முழுவதும் போய்விடுவதைக் கண்டு திட்ட மேலாளர்கள் முகம் சுளிப்பதுண்டு. இருந்தும் அதில் மட்டும் நான் நேரத்தைக் குறைத்துக்கொள்ளச் சம்மதிப்பதில்லை.