936 கிலோஹெர்ட்ஸ்: ஒரு வானொலிப் பணியாளரின் நாட்குறிப்பு

30 ஜனவரி 2024, செவ்வாய்

இன்று பகுள பஞ்சமி, தியாகராஜர் ஆராதனை நாள். திருவையாற்றில் பஞ்சரத்தின கீர்த்தனைகள் பாடப்படுவதைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தபோது, என் கவனம் பாட்டுக்குப் போவதற்கு முன் மைக்குகளை எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் சென்றது. 936 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையின் திருச்சி வானொலியில் ஒலிபரப்பு நிர்வாகியாக இருந்து ஆராதனைப் பணிக்குச் சென்ற எவருக்கும் இந்தப் பழக்கம் போகாது. நூற்றுக்கணக்கான வித்வான்கள் எதிரெதிர் வரிசைகளில் அமர்ந்து பாடும்போது, மூத்தவர்களுக்கு அருகில் ஒன்றிரண்டு மைக்குகளும் கூட்டுக்குரலுக்காகச் சற்று உயரத்தில் ஒன்றும் வைத்துவிட்டு, மிருதங்கங்கள் குரலை அமுக்கிவிடாதபடி ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரிலிருந்து விரலை எடுக்காமல் நாட்டையிலிருந்து ஸ்ரீராகம் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஒலி தொலைபேசித் துறையின் தடம் வழியாகத் திருச்சி கன்ட்ரோல் ரூமுக்குச் சென்று, அங்கிருந்துதான் வானில் ஏறும். குழல் கலைஞர்கள் பைரவியைத் தொடங்கச் சற்றுத் தாமதமானால், வர்ணனையாளர் காவிரியின் அழகைப் பேசியே அந்த இடைவெளியை நிரப்புவார். மேட்டூர் அணையை ஜனவரி 28ஆம் தேதி மூடுவது வழக்கம் என்பதால், ஆராதனை அதற்குப் பின் வரும் ஆண்டுகளில் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு அவர் படும் பாடு எங்களுக்கு மட்டுமே தெரியும்.

3 பிப்ரவரி 2024, சனி

கால் அங்குல அகல ஒலிநாடா ஒரு விநாடிக்கு ஏழரை அங்குலம் ஓடும். ஆகவே எங்களுக்கு நேரம் என்பது கையால் அளக்கக்கூடிய பொருளாகவே இருந்தது. பேச்சாளர் ஒருவர் அரை விநாடி இருமினால் நான்கு விரற்கடைக்குச் சற்று அதிகமான நாடாவை வெட்டி எடுக்க வேண்டும். ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, இருமல் தொடங்கும் இடத்தில் மஞ்சள் பென்சிலால் கோடிட்டு, பள்ளமிட்ட உலோகக் கட்டையில் நாடாவைப் படியவைத்துச் சாய்வாக வெட்டுவோம். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டப்’ என்று கேட்கும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தாலும் அப்படித்தான். ஆனால் இருமலோடு சேர்த்து மூச்சையும் வெட்டிவிட்டால் பேச்சு இயந்திரம் பேசியதுபோல் ஆகிவிடும். எந்த மூச்சை விட்டுவைப்பது என்று தெரிந்தவரே நல்ல தொகுப்பாளர் என்பது என் கருத்து. கணினித் திரையில் அலைகளைப் பார்த்து வெட்டுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

4 பிப்ரவரி 2024, ஞாயிறு

காலைப் பணி என்றால் ஐந்து மணிக்கே டியூட்டி ரூமில் இருக்க வேண்டும். நிலையம் திறக்கும்போது ஒலிக்கும் சிவரஞ்சனி முத்திரை இசையை 1930களில் அமைத்தவர், ஐரோப்பாவிலிருந்து பம்பாய்க்கு வந்த வால்டர் காஃப்மன்.

11 பிப்ரவரி 2024, ஞாயிறு

தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் இருந்தது. 1960களின் பிற்பகுதியில், தீவிர வேளாண்மைத் திட்டம் நடந்த அந்த மாவட்டத்துக்கென்று திருச்சி நிலையத்தில் பண்ணை இல்ல ஒலிபரப்பு தொடங்கியபோது, அந்தக் குறுகிய காலக் குறுவை ரகத்தை எப்போது விதைப்பது, எவ்வளவு உரமிடுவது என்பதையெல்லாம் உழவர்கள் வானொலி மூலமே அறிந்தார்கள். நான் பணியில் சேர்ந்தபோது அந்த நெல் வயல்களிலிருந்து ஏறக்குறைய மறைந்திருந்தது. பெயர் மட்டும் பெரியவர்களின் பேச்சில் இருந்தது.

நேர்காணலுக்காகக் கும்பகோணம் பக்கம் ஒரு களத்துமேட்டுக்குச் சென்றிருந்தபோது, வரப்பில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர் ஒலிப்பதிவுக் கருவியைச் சட்டை செய்யாமல் என்னைக் கேட்டார்: “ஏன் தம்பி, பூச்சி மருந்து சேதியைக் காலையில சொல்றீங்களே, அப்ப நாங்க வயல்ல நிக்கிறோமா, ரேடியோ பக்கத்துல நிக்கிறோமா?” மாலையில் மாடுகளைக் கட்டி, கை கால் கழுவி வந்து உட்காரும் நேரமே அவர்களுக்குரிய நேரம் என்பதை அவர் சொன்ன தெளிவில் எந்த நேயர் ஆய்வறிக்கையிலும் நான் படித்ததில்லை. பேட்டியில் அவர் உரத்தைப் பற்றிச் சொன்னது நான்கு நிமிடம் ஒலிபரப்பானது. நேரத்தைப் பற்றிய அவருடைய கேள்வியைத் தனித்தாளில் எழுதி, அடுத்த நிகழ்ச்சித் திட்டக் கூட்டத்தில் வைத்தேன். பூச்சி, நோய் அறிவிப்புகள் மாலையிலும் மறுமுறை வாசிக்கப்பட்டன.